அழுதுகொண்டே சோறு தின்னும் சிறுமி

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"என் மகளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. சனி, ஞாயிறு வந்தால் அனிமேஷன் படம்தான். அதிலும் ஒரு ஜப்பான் படம், அப்பா அம்மா பன்றியாக மாறிவிடுவார்களே, அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. அந்தப் பெண் சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே அழும் இடம் வந்தால் இவளும் அழுகிறாள். அழுது முடித்து, ரிமோட்டை எடுத்து அதே இடத்தைத் திரும்பப் போடுகிறாள். என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். பிள்ளை தைரியமாக வளரட்டும் என்று சிலம்ப வகுப்பில் சேர்த்தார். மூன்று வாரம் போனாள். இப்போது வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறாள். 'முலானைப் பாரு, அவ மாதிரி இரு' என்று திட்டுகிறார். நாத்தனாரோ 'மீனாட்சி ஆண்ட ஊர்ல பொறந்துட்டு இப்படி அழுமூஞ்சியா இருக்காளே, எல்லாம் இந்த ராணி படம் பாத்து வந்தது' என்கிறார். வகுப்பில் ஒரு பையன் ஜாமெட்ரி பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டால் திருப்பிக் கேட்கமாட்டாள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுதது என்று சாப்பாட்டு நேரம் முழுக்க அது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இவ்வளவு பலவீனமாக இருந்தால் நாளைக்கு எப்படிப் பிழைப்பாள்? படம் பார்ப்பதை நிறுத்திவிடட்டுமா? நான் யார் முன்னாலும் அழுததே கிடையாது. இவள் யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

படத்தை நிறுத்தாதீர்கள். அந்த ரிமோட்டையும் அவள் கையிலேயே விட்டுவையுங்கள். ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த ரிமோட்தான்.

குழந்தைகளோடு பேசுவதே என் தொழில். "உனக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டால் எந்தக் குழந்தையும் சொல்லாது. "எந்தப் படம் பிடிக்கும்? அதில் எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாய்?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். 2013-ல் வந்த ஃப்ரோஸன் படத்தில் பைத்தியமாக இருக்கிறாள், இந்த வயதிலும் பனிமனிதன் பொம்மை கேட்கிறாள் என்று பெற்றோருக்கு வருத்தம். எந்த இடம் என்று கேட்டேன். அக்காவின் மூடிய கதவைத் தங்கை தட்டிக்கொண்டே இருப்பாளே, கடைசியில் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியுமாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார்களே, அந்த இடம் என்றாள். வீட்டில் அண்ணன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். ஒரு வருடமாக அவன் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது, இவள் தட்டினால் அம்மா திட்டுகிறாள். அந்தப் பிள்ளைக்கு பொம்மை ஒரு சாக்கு. கதவுதான் விஷயம்.

அதனால் உங்கள் மகள் நிறுத்திப் பார்க்கும் இடத்தை நாமும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் சொல்வது ஸ்பிரிட்டட் அவே. ஹயாவோ மியாசாகி 2001-ல் எடுத்தது. 2003-ல் ஆஸ்கர் வாங்கியது. பத்து வயதுச் சிறுமிகளை மனதில் வைத்தே அவர் அந்தப் படத்தை எடுத்தார். நாயகி சிஹிரோவுக்கும் பத்து வயதுதான். படம் தொடங்கும்போது அவளிடம் வீரம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஊர் மாறிப் போகிற சலிப்பில் காரின் பின் சீட்டில் சுருண்டு கிடக்கிறாள். சுரங்கப்பாதை இருட்டைப் பார்த்து அம்மா கையைப் பிடித்துத் தொங்குகிறாள். அப்பாவும் அம்மாவும் பன்றிகளாகிவிட்ட பிறகு, செங்குத்தான ஒரு மரப்படிக்கட்டில் தன்னந்தனியாக இறங்க வேண்டிவருகிறது. நின்று இறங்க பயம். உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு படியாகக் காலை நீட்டித் தொட்டுப் பார்த்து நகர்கிறாள். ஒரு படி உடைந்ததும் அலறிக்கொண்டு கீழ்வரை ஓடிப்போய்ச் சுவரில் மோதுகிறாள்.

கீழே, தெய்வங்களும் ஆவிகளும் வந்து குளிக்கும் ஒரு குளியல் மாளிகையின் கொதிகலன் அறை. கரித்துண்டு சுமக்கும் குட்டிப் புகைக்கரி உருண்டைகளில் ஒன்று பாரம் தாங்காமல் நசுங்கிவிடுகிறது. அந்தக் கரியை இவள் தூக்கிவிடுகிறாள். பாரம் இவளையே கவிழ்க்கப் பார்க்கிறது. எங்கே வைப்பது என்று கேட்டால், எடுத்த வேலையை நீயே முடி என்கிறார் அந்தக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் கிழவர். தள்ளாடி நடந்து, அனலுக்கு முகத்தைச் சுளித்து, உலையில் போடுகிறாள். பிறகு மாடிக்குப் போய், அந்த மாளிகையை நடத்தும் சூனியக்காரி முன்னால் நின்று, எத்தனை மிரட்டினாலும் ஒரே வரியைச் சொல்கிறாள்: எனக்கு இங்கே வேலை வேண்டும். அவளுடைய பெயரைப் பிடுங்கிக்கொண்டுதான் வேலை தருகிறார்கள்.

மறுநாள் காலையில்தான் உங்கள் மகள் பார்க்கும் அந்த இடம் வருகிறது. கொட்டிலில் பன்றிகளாகக் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துவிட்டு வந்து செடிகளுக்கு நடுவே குந்தியிருக்கிறாள். ஹாக்கு என்ற பையன் சோற்று உருண்டை தருகிறான். பசியில்லை என்கிறாள். சாப்பிடு, தெம்பு வரும் என்கிறான். ஒரு வாய் கடிக்கிறாள். இன்னொரு வாய். மூன்றாவது வாயில் கண்ணீர் உருண்டு உருண்டு விழுகிறது. அவ்வளவு பெரிய கண்ணீர்த் துளிகளை வேறு எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அழுகிறவள் தின்பதை நிறுத்தவில்லை. இரண்டு கையிலும் உருண்டையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே தின்று முடிக்கிறாள். பிறகு எழுந்து வேலைக்குப் போகிறாள்.

நம் ஊரில் "அழுதா எல்லாம் சரியாப் போயிடுமா?" என்று கேட்போம். சரியாகப் போகாதுதான். சிஹிரோ அழுததால் அப்பா அம்மா திரும்பவில்லை. ஆனால் அதற்கு முந்தின ராத்திரி முழுக்க அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது, கவனித்தீர்களா? அழுது, வயிறு நிறைந்து எழுந்த பிறகு அந்த நடுக்கம் குறைகிறது. பின்னால் அதே பிள்ளை உடைந்து விழும் ஒரு குழாயின் மேல் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஓடித் தாண்டுகிறாள். படியில் உட்கார்ந்து நகர்ந்தவள்தான். இடையில் அவளுக்கு மந்திரக்கோலோ வாளோ யாரும் கொடுக்கவில்லை.

உங்கள் மகள் ஒன்பது வயதில் இதை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறாள் என்றால் அவள் சோகத்தில் முங்கிக் கிடக்கிறாள் என்று எனக்குப் படவில்லை. பயத்தோடும் அழுகையோடும் ஒரு காரியத்தை முடிக்க முடியுமா என்று பார்த்துப் பழகுகிறாள். அவளுக்குத் தேவையான பாடத்தை அவளே தேடி எடுத்திருக்கிறாள்.

உங்கள் நாத்தனார் மீனாட்சியை இழுத்தாரே, அவர் சொன்னதில் தப்பில்லை. சித்திரையில் பட்டாபிஷேகம், மறுநாள் திக்விஜயம், அதற்கு மறுநாள் திருக்கல்யாணம் என்று நம் ஊர் கொண்டாடுவது ஒரு பெண்ணின் ஆட்சியைத்தான். கல்யாணம் ஆன வீட்டில் "மதுரையா, சிதம்பரமா?" என்று இன்னும் கேட்கிறோம். ஆனால் இதே மதுரைதான் ஆவணியில் வந்திக் கிழவிக்காகவும் திருவிழா எடுக்கிறது. வைகையில் வெள்ளம், கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. புட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்கு அனுப்ப ஆள் இல்லை. அவள் யாரோடும் சண்டை போடவில்லை. தன் பங்கைச் செய்து தருவதற்கு ஒரு கூலியாளைத் தேடினாள். காசில்லை, உதிர்ந்த புட்டைத் தருகிறேன் என்றாள். வந்தவர் சொக்கநாதர் என்பது அவளுக்குத் தெரியாது. கொதிகலன் அறையில் வேலை கேட்டு நின்ற அந்த ஜப்பானியப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திருவிழா நடக்கும் புட்டுத்தோப்புதான் நினைவுக்கு வரும். மீனாட்சிக்கும் வந்திக்கும் ஒரே ஊர்தான். வகுப்பில் இருக்கும் முப்பது பெண் பிள்ளைகளையும் மீனாட்சியாகவே வளர்க்கப் பார்த்தால் வந்திகள் எல்லாம் தங்களைக் குறைப்பிறவி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. பட்டறையில் நாள் முழுக்க நெருப்போடு நிற்கிற மனிதர், மகளை யாரும் ஏய்த்துவிடக்கூடாது என்று பயப்படுகிறார். அந்தப் பயம் அன்புதான். அவரிடம் ஒன்று கேளுங்கள்: 1998-ல் வந்த முலான் படத்தை அவர் முழுசாகப் பார்த்திருக்கிறாரா?

அதில் ஒரு கம்பம் வரும். உச்சியில் அம்பு குத்தியிருக்கும். இரண்டு கனமான எடைக்கட்டிகளை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஏறி அந்த அம்பை எடுக்க வேண்டும் என்பது தளபதியின் உத்தரவு. ஒன்று ஒழுக்கம், இன்னொன்று பலம். படையில் இருக்கும் முரட்டு ஆண்களும் ஏறிப் பார்த்து வழுக்கி விழுகிறார்கள். முலானும் விழுகிறாள். பயிற்சியில் பின்தங்கியவள் என்று அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்கள். அன்று இரவு அந்தக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். கீழே இழுக்கிற அந்த இரண்டு எடைகளையும் கம்பத்துக்குப் பின்னால் ஒன்றோடொன்று சுற்றிப் பின்னி, அதையே பிடிமானமாக்கிக்கொண்டு ஏறுகிறாள். நம் ஊர்ப் பனைமரம் ஏறுகிறவர்கள் வடத்தைப் பிடித்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் உடனே புரியும். விடியும்போது உச்சியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வாள் வீச்சு எல்லாம் அதற்கப்புறம்தான். பனிமலைப் போரிலும் கடைசி ராக்கெட்டை அவள் எதிரித் தலைவன் மேல் விடவில்லை. மலைமுகட்டின் மேல் விட்டு பனிச்சரிவை உண்டாக்குகிறாள். அவள் பலம் யோசனையில் இருக்கிறது. இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள்: முலான் போருக்குப் போனது வீரம் காட்ட இல்லை. கால் ஊனமான அப்பாவுக்கு அழைப்பாணை வந்தது, அவரை அனுப்பப் பொறுக்காமல் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினாள். அழுத பிள்ளை பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த உங்கள் மகள் அந்த முலானுக்கு ஒன்றும் தூரத்துச் சொந்தமில்லை.

அந்த டிபன் பாக்ஸ் விஷயத்தை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்ததும் 2015-ல் வந்த இன்சைடு அவுட் நினைவுக்கு வந்தது. ஒரு சிறுமியின் மனதுக்குள் இருக்கும் உணர்ச்சிகளே பாத்திரங்கள். தன் வண்டியைப் பறிகொடுத்து ஒருவன் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பான். மகிழ்ச்சி என்ற பாத்திரம் அவனுக்கு வேடிக்கை காட்டிப் பார்க்கும், எடுபடாது. சோகம் என்ற பாத்திரம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உனக்குப் பிடித்ததைப் பிடுங்கிக்கொண்டார்களா என்று கேட்டு, அவன் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அவனே எழுந்துவிடுவான். பெரியவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க நாங்கள் பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். உங்கள் மகளுக்கு அது தானாக வருகிறது. அடுத்த முறை "சாப்பாட்டையும் அவளோட சேர்ந்து சாப்பிட்டிருக்கலாமே தாயி" என்று மட்டும் சொல்லுங்கள்.

ராணி படங்களைப் பற்றி நாத்தனார் சொன்னதில் பாதி எனக்கும் சம்மதம். 1937-ல் வந்த ஸ்னோ ஒயிட் முதற்கொண்டு பழைய படங்கள் சிலவற்றில் அந்தப் பெண் செய்வதெல்லாம் அழகாக இருப்பதும், தூங்குவதும், ஒருவன் வந்து எழுப்பக் காத்திருப்பதும்தான். அதைப் பொறுமை என்று சொல்லி நான் மழுப்பமாட்டேன். ஆனால் 1950-ல் வந்த சின்டரெல்லாவைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். சித்தி சூழ்ச்சி செய்து கண்ணாடிச் செருப்பை உடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று மற்றவர்கள் பதறும்போது, அவள் பதறாமல் பையிலிருந்து இன்னொரு செருப்பை எடுத்து நீட்டுவாள். மிதிபடும் வீட்டில் இருந்துகொண்டே தனக்கென்று ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தாளே, நம் அம்மாக்கள் அரிசிப் பானைக்குள் காசு வைத்திருந்த மாதிரி.

1989-ல் வந்த லிட்டில் மெர்மெயிடை உங்கள் மகளோடு உட்கார்ந்து பாருங்கள் என்பேன், அதுவும் ஜாமெட்ரி பாக்ஸ் விஷயத்துக்காக. அந்தக் கடல்கன்னி கால் கிடைப்பதற்காகத் தன் குரலை விற்றுவிடுகிறாள். படம் முடிந்ததும் "குரலைக் குடுத்திருக்கலாமாடா?" என்று கேளுங்கள், அவளே பேசட்டும். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. அடுத்தவர் வலியைப் புரிந்துகொள்ளும் பிள்ளைகள் பல நேரம் தங்கள் பொருளைக் கேட்கக் கூசுவார்கள். இளகிய மனசு இருப்பதும், பிடுங்கிக்கொண்டால் பேசாமல் இருப்பதும் வேறு வேறு. இரண்டாவதை மாற்றத்தான் வேண்டும், மாற்ற முடியும். "திருப்பி அடிச்சுட்டு வா" என்று சொல்லி அனுப்பினால் அவளால் முடியாது, முடியாததால் இன்னும் குறுகிப்போவாள். ஒரே ஒரு வரி போதும்: "அது என்னோடது, குடு." வீட்டு மொட்டை மாடியில் நின்று அதைச் சொல்லப் பழக்குங்கள். முதலில் முணுமுணுப்பாள். அப்பா அந்தப் பையனாக நடிக்கட்டும், பாக்ஸைப் பிடுங்கட்டும், அவள் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்வரை கொடுக்க வேண்டாம். பத்து நாளில் வித்தியாசம் தெரியும். அதற்குப் பிறகும் அந்தப் பையன் தொடர்ந்தால் வகுப்பு ஆசிரியையிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அது அவள் தனியாகத் தாங்க வேண்டிய பாரம் கிடையாது.

சிலம்பத்தை வலுக்கட்டாயமாகத் தொடரவும் வேண்டாம், கோபத்தில் நிறுத்தவும் வேண்டாம். வயிற்றுவலி உண்மையாகவே வலிக்கும். பயம் குழந்தைகளுக்கு வயிற்றில்தான் தெரியும். நடிக்கிறாள் என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே எது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். கம்பா, ஆசானின் சத்தமா, எல்லோரும் பார்க்க நிற்பதா, யாராவது கேலி செய்கிறார்களா, யாராவது தொட்டுப் பேசுவது பிடிக்கவில்லையா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், சாதாரணக் குரலில் கேளுங்கள். கம்பைப் பார்த்துத்தான் பயம் என்றால் கொஞ்ச நாள் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள். காலடியை மட்டும் பழகட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம். நீச்சல், பாட்டு, படம் வரைவது என்று எதுவாகவும் இருக்கட்டும். சுதி பிசகாமல் ஒரு கூடத்தின் முன்னால் பாடவும் நெஞ்சுரம் வேண்டும், எம்.எஸ். பிறந்த ஊர்க்காரர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். படம் பார்க்கும்போது அழுவது வேறு. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பள்ளிக்கே போகமாட்டேன் என்பது, பிடித்த படத்தையும் பார்க்கப் பிடிக்காமல் போவது, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் கூப்பிட்டுத் தமிழில் பேசலாம். வகுப்பிலோ வெளியிலோ யாராவது அவளைத் துன்புறுத்துவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

கடைசியாக, உங்களைப் பற்றி. கடிதத்தின் கடைசி இரண்டு வரியை நான் நாலைந்து தடவை படித்தேன். யார் முன்னாலும் அழுததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமையாகவா, அலுப்பாகவா என்று எனக்குப் புரியவில்லை, இரண்டும் இருக்கலாம். 2021-ல் வந்த என்கான்டோ என்ற படத்தில் லூயிசா என்றொரு அக்கா வருவாள். குடும்பத்திலேயே அவளுக்குத்தான் உடல்பலம். ஊரார் கழுதைகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு போவாள், பாலத்தை நகர்த்துவாள், யார் கூப்பிட்டாலும் ஓடுவாள். ஆனால் கண் இமை ஒன்று துடித்துக்கொண்டே இருக்கும். சுமக்க முடியாமல் போனால் நான் யார் என்ற பயம் அவளை உள்ளே அரிக்கிறது என்பது ஒரு பாட்டில் வெளியே வரும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் அழுதவர்கள் குழந்தைகள் இல்லை, கூட வந்த அம்மாக்கள்.

உங்கள் மகள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று கேட்டீர்கள். உங்களைக் கொண்டுதான் பிறந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். எடுத்த கரியை உலையில் போட்டுவிட்டுத்தான் நிமிர்வீர்கள் நீங்கள். அவளும் அதையே பார்த்துப் பழகுகிறாள். அழுதுகொண்டும் அதைச் செய்யலாம் என்பதை மட்டும் அவள் வீட்டில் பார்த்ததில்லை, அதனால் படத்தில் தேடிப் போயிருக்கிறாள்.

இந்த சனிக்கிழமை அந்தப் படத்தை அவள் போடும்போது அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்காமல், வந்து பக்கத்தில் உட்காருங்கள். கையோடு ஒரு சட்டியில் பழைய குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு கொண்டுவாருங்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாடியில் நிலா வெளிச்சத்தில் உருட்டிக் கொடுத்திருப்பீர்களே, அதே மாதிரி அவள் உள்ளங்கையில் ஒரு உருண்டை வையுங்கள். உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் வரும்போது அவள் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது உங்களுக்குக் கண் கலங்கினால் துடைக்க வேண்டாம், சாப்பிட்டுக்கொண்டே இருங்கள்.